பிள்ளைங்களை எம்எம்ஏ கிளாஸ்ல சேர்க்கப் போறீங்களா? 11,750 ரேண்ட் போன வயித்தெரிச்சல்ல எழுதறேன், படிச்சுட்டு முடிவு பண்ணுங்க

கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. என் பையனைச் சேர்த்த எம்எம்ஏ கிளப் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை சொல்லித் தர்ற இடம்) நேத்து ராத்திரி என் நம்பரை வாட்ஸ்அப்ல பிளாக் பண்ணிட்டாங்க. 11,750 ரேண்ட், ஒரே தடவையில கட்டினது. என் பையன் அங்க போனது மொத்தமே அஞ்சு வாரம்.

நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து ஆறு வருஷம் ஆகுது, பையனுக்கு ஒம்பது வயசு. ஸ்கூல் கேன்டீன் வரிசையில பெரிய பசங்க பிடிச்சு தள்றாங்கன்னு வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. இன்னொரு பக்கம் 2024 ஜனவரியில டிரிக்கஸ் டு பிளெஸி யூஎஃப்சிங்கிற பெரிய எம்எம்ஏ போட்டியில சாம்பியன் பெல்ட் ஜெயிச்சாரு இல்லையா, தென்னாப்பிரிக்காவுல இருந்து ஜெயிச்ச முதல் ஆளு, அப்போ இருந்து இங்க சின்னப் பசங்க வாயில எம்எம்ஏ தவிர வேற பேச்சே கிடையாது. என் அப்பா ஊர்ல சிலம்பம் கத்துக்கிட்டவரு, ஆசான் மாசக்கணக்கா கம்பைத் தொடவே விடாம சுவடு, அதாவது கால் வைக்கிற முறை மட்டும் பழகச் சொல்வாராம், அந்தக் கதை கேட்டு வளர்ந்தவ நான், அதனால சண்டைக்கலைன்னா ஒழுக்கமா சொல்லிக் கொடுப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை.

சரின்னு ஒரு இலவச டிரையல் கிளாசுக்கு கூட்டிட்டுப் போனோம். கோச் இங்கேயே நாலு தலைமுறையா இருக்கிற தமிழ் குடும்பம், தமிழ் பேச வராது, ஆனா "வணக்கம் அக்கா"ன்னு சிரிச்சுட்டே வந்தாரு, தைப்பூசத்துக்கு காவடி எடுப்பேன்னு சொன்னாரு. அப்புறம் என் பையன் முன்னாடி முட்டி போட்டு உக்காந்து, அவன் கையில துணிச் சுத்தை தானே பொறுமையா சுத்தி விட்டாரு. சுத்திக்கிட்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, 12 வயசு வரைக்கும் தலையில அடியே கிடையாது, விழறது, பிடிக்கிறது, கோச் பிடிக்கிற மெத்தைப் பேட்ல குத்தறது அவ்வளவுதான்"னாரு. அந்த ஒரு நிமிஷத்துலதான் நான் விழுந்தேன். இத்தனைக்கும் அவர் சொன்னது சரியான முறைதான், அதான் இன்னும் எரியுது.

அன்னைக்கே ரிசப்ஷன்ல வருஷ ஃபீஸ் மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் இலவசம்னாங்க. மாசம் 850ன்னு பத்து மாசத்துக்கு 8,500, பதிவுக்கு 600, கிளவ்ஸ், ஷின் கார்டு, ஹெட்கார்டு, மவுத்கார்டு எல்லாம் அவங்க கடையிலதான் வாங்கணும்னு 2,650. ஆக 11,750 ரேண்ட், நின்ன இடத்துலேயே ஃபோன்ல டிரான்ஸ்ஃபர் பண்ணினேன். நாலு பக்கம் பேப்பர் நீட்டினாங்க, படிக்காம கையெழுத்து போட்டேன்.

அடுத்த வாரத்துல இருந்து அந்த கோச்சை பசங்க கிளாஸ்ல பார்க்கவே இல்ல. பதினேழு வயசு இருக்கும், ஒரு பையன், அவன் ஒருத்தனே இருபத்தாறு பிள்ளைங்களை மேய்க்கிறான், பெத்தவங்க வெளியே உக்காரணும்னு கதவையும் சாத்திடறாங்க. அஞ்சாவது வாரம் என் பிள்ளையை பதிமூணு வயசுப் பையனோட ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை விட்டிருக்காங்க, தலையில ரெண்டு அடி. கார்ல ஏறினதும் வாந்தி, "இன்னைக்கு என்னம்மா கிழமை"ன்னு மூணு தடவை கேட்டான். எனக்கு உயிரே போயிருச்சு. நேரா கேஷுவால்டிக்கு ஓடினோம், கன்கஷன், அதாவது அடியில மூளை குலுங்கின காயம்னு சொன்னாங்க, டாக்டர் விடற வரைக்கும் எந்த விளையாட்டும் கூடாது, ஆறதுக்கு முன்னாடி இன்னொரு அடி பட்டா ரொம்ப ஆபத்துன்னாங்க. ஹெட்கார்டு போட்டிருந்தானேன்னு கேட்டேன். அது வெட்டுக்காயத்தைத்தான் தடுக்கும், உள்ள மூளை குலுங்கறதை தடுக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் தேடிப் பார்த்தா அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2016லயே இதை அறிக்கையா எழுதி வெச்சிருக்காங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு உடம்புக்கு தலை பெருசு, கழுத்துல பலம் பத்தாது. இது சொல்லிக் கொடுக்கிறவனுக்கு தெரிஞ்சிருக்க வேணாமா?

காசைத் திருப்பிக் கேட்டேன். முதல்ல "மேனேஜர் ஜொகன்னஸ்பர்க் போயிருக்காரு". அப்புறம் "நீங்க இன்டெம்னிட்டியில சைன் பண்ணியிருக்கீங்க", அதாவது அடிபட்டா அவங்க பொறுப்பில்லைங்கிற பேப்பர்ல. அப்புறம் "மெம்பர்ஷிப்பை மூணு மாசம் ஃப்ரீஸ் பண்ணித் தரோம்". நாலாவது தடவை நேர்ல போனேன், அக்கான்னு கூப்பிட்ட அதே மனுஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு வெளியே வரவே இல்ல, ரிசப்ஷன் பொண்ணுகிட்ட "பசங்க கொஞ்சம் டஃப் ஆகட்டும்"னு சொல்லி அனுப்பினாரு. கடைசியா கடையில 500 ரேண்டுக்கு பொருள் எடுத்துக்கோங்கன்னு ஒரு மெசேஜ். 11,750 ரேண்டுக்கு 500! கோவமா பதில் போட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, அடுத்து பிளாக்.

நான் இந்த விளையாட்டுக்கு எதிரி இல்ல. முதல் ரெண்டு வாரம் வெறும் மல்லுப்பிடி மாதிரி பண்ணினப்போ பையன் நிமிர்ந்து நடந்தான், ராத்திரி நல்லா தூங்கினான், தோத்தாலும் எதிராளி கையைக் குலுக்கக் கத்துக்கிட்டான். அந்த டு பிளெஸியே அஞ்சு வயசுல ஆரம்பிச்சது ஜூடோ, அதுல முதல் பாடமே அடிபடாம விழறதுதான்.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, தெரிஞ்சதை சொல்லிடறேன். டிரையல்ல நிக்கிற கோச்தான் தினமும் வருவாரான்னு எழுத்துல வாங்குங்க. தலை அடி, கழுத்து நெரிக்கிற பிடி, முட்டி முறுக்கறது இதெல்லாம் பசங்களுக்கு உண்டான்னு கேளுங்க, உண்டுன்னா வந்துடுங்க. உள்ள உக்காந்து பார்க்க விடாத இடம் வேண்டவே வேண்டாம். பிள்ளைங்களோட வேலை பார்க்கிறவங்க ஃபார்ம் 30 கிளியரன்ஸ் (பிள்ளைங்களோட வேலை பார்க்கக் கூடாதவங்க பட்டியல்ல பேர் இல்லைங்கிற அரசு சான்று) வெச்சிருக்கணும், காட்டச் சொல்லுங்க, நான் கேக்கல. மொத்தமா கட்டாதீங்க, மாசாமாசம் கட்டுங்க.

கட்டிட்டு மாட்டினவங்களுக்கு: இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008 கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் ஆக்ட்ல 14ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, 20 வேலை நாள் நோட்டீஸ் எழுத்துல கொடுத்தா கான்ட்ராக்ட்ல இருந்து வெளியே வந்துடலாம், நியாயமான ஒரு தொகைதான் அவங்க பிடிக்க முடியும். இன்டெம்னிட்டியில கையெழுத்து போட்டிருந்தாலும் படுமோசமான அலட்சியத்துக்கு அது செல்லாது. எதிர்வீட்டு ஆன்ட்டி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். இன்னைக்கு ஈமெயில்ல நோட்டீஸ் அனுப்பியாச்சு, நாளைக்கு பிரிண்ட் எடுத்து டாக்டர் லெட்டரோட நேர்லயும் கொடுக்கப் போறேன், 11,750 ரேண்டையும் கேட்டு.

பையன் இன்னும் தலைவலின்னு படுத்திருக்கான், நான் போறேன். ஓவர்போர்ட் பக்கமோ சாட்ஸ்வொர்த் பக்கமோ பிள்ளைங்களுக்கு நிதானமா ஜூடோ சொல்லிக் கொடுக்கிறவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, டாக்டர் சரின்னதும் போகணும்னு இப்பவே கேக்கறான்.