பழைய ஆட்டோவும் பழைய நாயும்: பதினாலு மாத அனுபவம்

2023 கடைசியில், இலங்கையில் பெற்றோலை அளவு வைத்துக் கொடுத்த கியூஆர் முறை நின்றபிறகு, எட்டரை லட்சம் ரூபா கொடுத்து ஒரு பழைய நாலு ஸ்ட்ரோக் ஆட்டோ வாங்கினேன். வாடகைக்கு ஹயர் ஓடுவதற்கு இல்லை. நானும் வீட்டுக்காரியும் எங்கள் நாய் ஜிம்மியும் குருவி பார்க்கப் போவதற்கு. எங்கள் ஊர் பண்டாரவளையில் இதைக் கேட்டவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஏன் ஐயா, ஒரு சின்னக் கார் எடுத்திருக்கலாமே?" பதினாலு மாதம் ஓட்டிவிட்டேன். அதே யோசனையில் இருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்குப் பயன்படும் என்று நல்லது கெட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டி எல்லாமே ஏறிப் போயிருந்தது. நான் விசாரித்த சின்னக் கார்கள் ஆட்டோவைவிட மூன்று மடங்கு கேட்டன. 31 வருஷம் தேயிலைப் பேக்டரியில் டீ மேக்கராக வேலை செய்து வந்த ஈபிஎஃப் சேமலாபக் காசில் வீடு வாங்கியது போக மிச்சம் அவ்வளவு இல்லை. ஆனால் நான் ஆட்டோ எடுத்ததற்கு உண்மையான காரணம் காசு இல்லை. ஜிம்மிதான்.

ஜிம்மி எங்கள் பேக்டரி விறகு செட்டுக்குள் பிறந்த நாய். குவாட்டர்ஸைக் காலி செய்தபோது கூடவே வந்துவிட்டான். இப்போது வயது பதின்மூன்று. பின்கால் இரண்டும் இறுகிப்போய், காலையில் எழுந்து நிற்கவே நேரம் எடுக்கிறது. கண்ணில் நீலமாக ஒரு புகைச்சல், காதும் பாதிதான் கேட்கிறது. இவனைக் குதிக்க விடக் கூடாது, ஏற்றி இறக்கும்போது இடுப்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று மிருக வைத்தியர் சொன்னார். பக்கத்து வீட்டு வேனில் ஒரு தரம் கூட்டிப் போனோம். பதினெட்டுக் கிலோ நாயை அந்த உயரத்துக்குத் தூக்கும்போது அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். வீட்டில் தனியாக விட்டுப் போகவும் எங்களுக்கு மனசு வராது.

ஆட்டோவின் தரை என் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது, பக்கவாட்டில் கதவும் இல்லை. தச்சு பாஸ் ஒருவரிடம் மூன்றடி நீளத்தில் ஒரு பலகை வெட்டி வாங்கி, மேலே சணல் சாக்கு அடித்தேன். முதல் நாள் சாக்கு வழுகி ஜிம்மி பக்கவாட்டில் சரிந்துவிட்டான். அப்புறம் குறுக்கே நாலு ரீப்பைக் கட்டையை (மெல்லிய மரச்சட்டம்) ஒரு சாண் இடைவெளியில் அடித்து, சாக்கை அதன்மேல் இழுத்துத் தைத்தேன். இப்போது நகம் பிடித்துக்கொள்கிறது, தானே மெல்ல ஏறிவிடுகிறான். பலகையை மடக்க வேண்டியதும் இல்லை. பின்சீட்டுக்கு முன்னால் குறுக்காக நிறுத்தினால், பிரேக் போடும்போது அவன் முன்னுக்கு உருளாமல் தடுக்கிறது.

நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை உண்டு. இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது. ஓடி நிறுத்தியபிறகு சீட்டுக்குக் கீழே உள்ள தகரம் அரை மணித்தியாலம் வரைக்கும் இளஞ்சூடாக இருக்கும். தும்பு மெத்தையை அதில் சாய்த்துப் போட்டிருக்கிறேன். ஜனவரிக் குளிரில், விடிய முன்னே, ஜிம்மி இடுப்பை அந்தத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு படுப்பான். இறங்கும்போது கால் அவ்வளவு இறுக்கமாக இருப்பதில்லை. வெயில் நேரத்தில் அதே தகரம் சுடும் என்பதால், பத்து மணிக்குப் பிறகு மெத்தையை முன்னுக்கு இழுத்துவிட வேண்டும்.

சரி, குருவிக்கு வருகிறேன்.

காரில் இருந்து குருவி பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடியை இறக்குவது, கதவைத் திறப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். ஆட்டோவில் இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கிறது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஐந்து நிமிஷத்தில், இது ரோட்டில் கிடக்கும் ஒரு பெட்டி என்று குருவிகள் முடிவு செய்துவிடும். ஆனால் எஞ்சின் ஓடும்போது பைனாகுலரைத் தொடவே வேண்டாம், அந்த நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது. நான் வைத்திருப்பது 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிசாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர் அகலம். பத்து மடங்கு பெரிசாகக் காட்டுவதை வாங்கச் சொன்னார்கள்; என் கை நடுக்கத்துக்கு எட்டுத்தான் சரி. 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தே கால் மில்லிமீற்றர் அகலத்துக்குக் கண்ணுக்கு வெளிச்சம் வருகிறது. நம் மலை மூடுபனிக்கு அது வேண்டும்.

போன பெப்ரவரியில் ஒரு காலை. வெலிமடையிலிருந்து கெப்பெட்டிபொல தாண்டி நுவரெலியா ரோட்டில் ஏறி, ஹக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக நிறுத்தினோம். பிளேன்டியை பிளாஸ்கிலிருந்து ஊற்றும்போது வீட்டுக்காரி என் முழங்கையைத் தொட்டாள். "ஏங்க, இந்தப் பக்கம்." கம்பி வேலியில் படர்ந்த கொடியில் மஞ்சள் காது சின்னான் சோடி ஒன்று. பதினெட்டடி தூரம்கூட இருக்காது. கறுத்த தலை, காதோரம் மஞ்சளாக ஒரு மயிர்க்கற்றை. ஒன்று கறுப்புப் பழத்தைப் பிடுங்கி, விழுங்காமல் அலகில் வைத்து இரண்டு தரம் திருப்பி, அப்புறம்தான் விழுங்கியது. நம் மலைநாட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவி அது. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து, பேக்டரிக்குள் தேயிலை உருட்டும் ரோலர் சத்தத்திலேயே வயசைக் கழித்துவிட்டேன். அதன் காது மஞ்சளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க அறுபத்திரண்டு வயசாகியிருக்கிறது. ஜிம்மி தூங்கிக்கொண்டிருந்தான். கிழட்டு நாய் குருவிக்குக் குரைப்பதில்லை, அதுவும் ஒரு வசதி.

சீதா எலிய கோயில் ஓடையில் சாம்பல் வாலாட்டியை ரோட்டோரமாக நின்றே பார்க்கலாம். ஒக்டோபருக்குப் பிறகு வரும், வெயில் காலத்துக்கு முன் போய்விடும். நுவரெலியா விக்டோரியா பார்க்குக்கு நாங்கள் ஒருவர் மாறி ஒருவர்தான் போவோம், மற்றவர் ஜிம்மியோடு ஆட்டோவில். அங்கே குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வரும். காஷ்மீர்ப் பக்கம் முட்டையிட்டுவிட்டு, குளிருக்கு நம் மலைக்கு வருகிற குருவி. ஆணுக்குக் கழுத்தும் நெஞ்சும் செம்மஞ்சள், அதைச் சுற்றி ஒரு கறுப்புக் கரை. வீட்டுக்காரி முதல் நாளே பார்த்துவிட்டாள். எனக்கு மூன்றாவது பயணத்தில்தான் கிடைத்தது. ஆறுமணிக் குருவியும் அங்கே ஓடைக்கரைச் சருகைக் கிளறிக்கொண்டு திரியும்.

இனிக் குறைகள். முதலாவது, மேலே பார்க்க முடியாது. கூரை மறைக்கிறது. பாம்புக் கழுகு தலைக்கு மேல் கத்திக்கொண்டே போகும், நாம் இறங்கி நிமிர்வதற்குள் மரத்துக்குப் பின்னால் போய்விடும். பருந்து, கழுகு பார்ப்பதுதான் ஆசை என்றால் இந்த வண்டி சரிவராது.

இரண்டாவது, மழையும் மூடுபனியும். பக்கப் படுதாவை இழுத்துக் கட்டினாலும் சாரல் உள்ளே வரும், முன்கண்ணாடி உள்பக்கமாகப் புகை பிடிக்கும். அம்பேவளைப் பக்கம் ஒரு மாலை மூடுபனியில் மாட்டிக்கொண்டு, முன்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாமல், ஒரு கடை வாசலில் இரண்டு மணித்தியாலம் ஒதுங்கி நின்றோம். அன்றையிலிருந்து மூன்று மணிக்கு மேல் மேட்டில் இருப்பதில்லை. ஒக்டோபர், நவம்பர் அடைமழையில் வண்டியை எடுப்பதே இல்லை. மண்சரிவு ரோட்டில் யாருக்கும் வேலை இல்லை.

மூன்றாவது, குழி. காரில் இரண்டு சக்கரத்துக்கு நடுவே குழியை விட்டுவிடலாம். இதில் நடுவேயும் ஒரு சக்கரம் வருகிறது. ஒவ்வொரு குழியும் ஜிம்மியின் இடுப்பில்தான் போய் விழும். மெத்தைக்குக் கீழே பழைய டியூப் ஒன்றைப் பாதி காற்றடித்து வைத்தபிறகுதான் அவன் முனகல் நின்றது.

ஏற்றத்தைப் பற்றி. வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்கு எண்ணூறு மீற்றருக்குக் கிட்ட ஏற வேண்டும். மூன்று பேரோடு பாதி தூரம் இரண்டாம் கியர், வளைவுகளில் முதல் கியர். அவசரப்படுத்தினால் எஞ்சின் குரல் மாறும். ரோலர் சத்தம் மாறும்போது நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று பேக்டரியில் படித்த பாடம் எனக்கு இங்கே உதவுகிறது: குரல் கனத்ததும் ஓரம் கட்டி, பத்து நிமிஷம் ஆறவிடுவேன். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், பிரேக் சூடாகி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். மலையில் லீற்றருக்கு 24 கிலோமீற்றர் எனக்குக் கிடைக்கிறது.

ஒரு கராஜில் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். கிளட்ச் கேபிள் புதுசு போட்டதாகக் காசு வாங்கிவிட்டு, பழையதையே எண்ணெய் போட்டுத் திருப்பி மாட்டியிருந்தார்கள். தியத்தலாவை ஏற்றத்தில் அறுந்தது. நல்ல வேளை, ஹயர் ஓடும் பையன் ஒருவன் நின்று, தன் பெட்டியில் வைத்திருந்த கேபிளை அங்கேயே மாட்டிக் கொடுத்தான். "ஐயா, பழைய கேபிளைக் கையில வாங்காம கராஜ விட்டு வராதீங்க." அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். வாங்கும்போதும் தரைக்கு விரித்திருக்கும் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். மலை வண்டிகளில் ஈரம் அதற்குக் கீழேதான் தங்கும், தகரம் அங்கேதான் துருப்பிடிக்கும். என்னுடையதில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை இருந்தது. அதை ஒட்டுப்போடப் பதினோராயிரம் ரூபா ஆனது.

தூரப் பயணம், இரவுப் பயணம், பேரப்பிள்ளைகளோடு போவது என்றால் கார்தான் எடுக்க வேண்டும். எங்கள் பயணமெல்லாம் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்குள். ஹப்புத்தளையில் அடிசம் பங்களாவுக்குப் போகும் தங்கமலை ரோடு, டம்பேதன்ன பேக்டரி தாண்டி லிப்டன் சீட் காட்சிமுனைக்கு ஏறும் ஒடுக்கமான தோட்ட ரோடு, ஹக்கலை. இந்த ரோடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் பார்க்கவில்லை.

சாவி சத்தம் ஜிம்மிக்கு இப்போது கேட்பதில்லை. நாலரை மணிக்கு நான் பலகையை வாசலில் சாய்க்கும்போது, சிமெந்துத் தரையில் அந்த அதிர்வு அவனுக்குத் தெரிகிறது போல. எழுந்து வந்து, முன்கால் இரண்டையும் முதல் ரீப்பையில் வைத்துக்கொண்டு, என் கை அவன் இடுப்புக்கு வரும்வரை காத்து நிற்கிறான்.