இனாகுவாவா, நசாவா? எட்வர்ட் கென்வேயின் இரண்டு வீடுகள்

'அசாசின்ஸ் க்ரீட் 4: பிளாக் ஃப்ளாக்' என்ற வீடியோ விளையாட்டின் கணக்குப்படி அதன் நாயகனான கடற்கொள்ளையன் எட்வர்ட் கென்வேயின் வீடு கிரேட் இனாகுவா தீவு. 2013-இல் வெளிவந்த அந்த விளையாட்டில் நான் எத்தனையோ முறை அவனது ஜாக்டா கப்பலை அந்தத் தீவின் குடாவுக்குள் செலுத்தியிருக்கிறேன். கொள்ளையடித்த பணத்தையெல்லாம் அங்கேதான் கொட்டியிருக்கிறேன். ஆனாலும் ஊர் வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு, கொள்ளையர் கூடும் பஹாமாஸ் துறைமுக ஊரான நசாவில்தான் கிடைத்தது.

பதுங்குவதற்கு ஏற்ற இடம் எது என்று மட்டும் கேட்டால் இனாகுவாவுக்குப் போட்டியே இல்லை. பாறைகள் அரண்போல் சூழ்ந்த குடா, பின்னால் அடர்ந்த காடு, மேட்டில் கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகை. ஜூலியன் து காஸ் என்ற எதிரியைக் கொன்று அந்த இடத்தை எட்வர்ட் கைப்பற்றுகிறான். யாருக்கும் தெரியாத துறைமுகம் என்ற கற்பனையை அதைவிட அழகாக எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

நிஜத் தீவு வேறு மாதிரி. பஹாமாஸின் தென்கோடியில் இருக்கும் கிரேட் இனாகுவா தட்டையான, வறண்ட நிலம். உப்பளங்கள், நடுவே ஒரு பெரிய ஏரி, ஆயிரக்கணக்கில் பூநாரைகள், மேத்யூ டவுன் என்ற ஒரே ஊர். ஒளிய மலை கிடையாது. ஆனால் இருக்கும் இடம் கொள்ளைக்கு வாகானது. கியூபாவுக்கும் ஹிஸ்பானியோலாவுக்கும் நடுவே கப்பல்கள் கடந்துபோகும் நீர்வழிக்கு வடக்கே, கிட்டத்தட்ட அதன் வாசலிலேயே கிடக்கிறது. விளையாட்டை உருவாக்கியவர்கள் இடத்தை உண்மையாகவும் நிலத்தைக் கற்பனையாகவும் வைத்துக்கொண்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

நசாவுக்கு அத்தகைய ஒப்பனை தேவைப்படவில்லை. துறைமுகத்துக்கு எதிரே ஹாக் தீவு மறைத்து நின்றதால் உள்ளே வர இரண்டு வழிகள் இருந்தன. ஆழம் குறைவு என்பதால் பெரிய போர்க்கப்பல்கள் நுழையத் திணறின. கொள்ளையரின் சிறிய படகுகளுக்குத் தடையே இல்லை. 1703-இல் ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து எரித்துவிட்டுப் போன பிறகு அங்கே ஆட்சி என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. 1715-இல் ஸ்பானிய வெள்ளிக் கப்பல்கள் புளோரிடா கரையோரம் புயலில் சிதறியதும், மூழ்கிய செல்வத்தைத் தேடி வந்தவர்களில் பலர் நசாவில் தங்கிவிட்டார்கள்.

வசதி என்று பார்த்தால் மறுபடியும் இனாகுவாதான். விளையாட்டின் பணமான ரியால்களைக் கொடுத்தால் மதுக்கடை திறக்கும், பண்டக்கடை திறக்கும், மாளிகை புதுப்பொலிவு பெறும். உள்ளே பூட்டிக் கிடக்கும், டெம்ப்ளர் என்ற எதிரி அமைப்பின் கவசத்துக்கு ஐந்து சாவிகளைத் தேடி அலைந்த நாட்களை இன்னும் ஆசையோடு நினைக்கிறேன். நசாவில் ஓர் ஆணிகூட உங்களால் அடிக்க முடியாது. இருந்தும், இனாகுவாவில் பணம் செலவழித்து முடித்த பிறகு செய்ய ஒன்றுமில்லை. கப்பற்படையைக்கூட ஜாக்டாவின் கேப்டன் அறையிலிருந்தே நடத்திவிடலாம். அங்கே நடமாடுபவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. இதற்கு முந்தைய 'அசாசின்ஸ் க்ரீட் 3' இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அதில் நாயகனின் இருப்பிடமான டேவன்போர்ட் பண்ணைக்கு வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு; சுரங்கத் தொழிலாளி நாரிஸுக்கும் வேட்டைக்காரி மிரியத்துக்கும் நடக்கும் திருமணத்தில் நாமும் நிற்கிறோம். ஒரே தொடரில் அடுத்த ஆண்டே அந்தப் பாடம் மறந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நசாவில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஓல்ட் ஏவரி மதுக்கடையில் கொள்ளையர்களான எட்வர்ட் தாட்ச், ஹார்னிகோல்ட், ஜேம்ஸ் கிட் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் மேரி ரீட் ஆகியோர் அரசனில்லாத குடியரசைப் பற்றிப் பேசுகிறார்கள். பிறகு நோய் வருகிறது, மருந்து இல்லை. கருந்தாடிக்காரர் (பிளாக்பியர்ட்) என்று பெயர்பெற்ற தாட்ச் 1718-இல் ஒரு மருந்துப் பெட்டிக்காகச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே முற்றுகையிட்டது வரலாறு. விளையாட்டில் அந்த முற்றுகைக்குப் பின்னால் நாம் நேரில் பார்த்த பஞ்சமும் சாவும் இருக்கின்றன. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் ஆளுநர் உட்ஸ் ரோஜர்ஸ் கொள்ளையருக்கான அரச மன்னிப்போடும் போர்க்கப்பல்களோடும் வந்து இறங்குகிறார். சார்ல்ஸ் வேன் என்ற கொள்ளையர் ஒரு கப்பலுக்குத் தீ வைத்து ஏவிவிட்டுத் தப்பினார். விளையாட்டில் அந்தத் தீக்கப்பலை ஏவும்போது நாமும் அவருடன் இருக்கிறோம். அதன்பின் நசாவுக்குத் திரும்பிப் போனால் தெருவெங்கும் செஞ்சட்டைச் சிப்பாய்கள். நேற்று வரை நம்முடையதாக இருந்த தெருவில் இன்று கூரைமேல் ஒளிந்து நடக்க வேண்டியிருக்கிறது. இனாகுவாவுக்கு இப்படி ஒன்றும் நேர்வதில்லை. யாரும் பறிக்க முடியாத இடம் என்பதாலேயே அதற்காக என் மனம் ஒருமுறைகூடப் பதறவில்லை.

கதை 1722-இல் முடிவதோ இனாகுவாவில்தான். கொள்ளைக்காரி ஆன் போனி விடைபெறும் பாட்டைப் பாடுகிறாள். எட்வர்ட் திரும்பிப் பார்க்கிறான். இறந்துபோன தாட்சும் மேரியும் மற்றவர்களும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். தாட்சையும் மேரியையும் நாம் முதலில் சந்தித்தது நசாவில். நான் ரியால் ரியாலாகக் கொடுத்துக் கட்டியெழுப்பிய இனாகுவாக் குடியிருப்பிலிருந்து அந்த மேசைக்கு ஒருவர்கூட வரவில்லை.