14 புலப்படங்களும் ஆட்டோகேடின் ‘கிளிப்’ கட்டளையும்

திண்டுக்கல்லில் வரைவாளராக வேலைக்குச் சேர்ந்தபோது என் ஆசிரியர் முதலில் கற்றுக்கொடுத்தது தாளை மடிக்க. கோடு போடக் கற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்தடுத்த சர்வே எண்களின் புலப்படங்களை, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய நில அளவைப் படங்களை, சேர்க்க வேண்டுமென்றால், டிரேசிங் தாளின் ஓரத்தை எல்லைக்கோடு வரை பின்பக்கமாக மடித்து, பக்கத்துத் தாளோடு பொருத்திக் குண்டூசி குத்துவோம். “வெட்டாதே தம்பி, மடி” என்பார். சர்வே எண், கிராமத்தின் பெயர், அளவுத்திட்டம் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

கணினியில் வரைபடம் போட உதவும் ஆட்டோகேட் மென்பொருளின் ‘கிளிப்’ கட்டளை எனக்கு அந்த மடிப்பாகவே தெரிகிறது. இணைத்த வரைபடத்தையோ படத்தையோ அது வெட்டுவதில்லை. வேண்டாத பகுதியை மறைக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. புரியாமல் பயன்படுத்துகிறவர் ஒருநாள் சங்கடப்படுவார். நான் பட்டிருக்கிறேன்.

போன மாதம் நத்தம் சாலைப் பக்கம் ஒரு லேஅவுட் (மனைப்பிரிவு) வேலை வந்தது. மொத்தம் 14 சர்வே எண்கள். 11 புலப்படங்கள் இணையத்தில் பதிவிறக்கிய பிடிஎப் கோப்புகள். மூன்று, உரிமையாளர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய தாள்களின் ஸ்கேன். சில 1:1000 அளவிலும் சில 1:2000 அளவிலும் இருந்தன. ஒவ்வொன்றையும் இணைத்து, அதில் எழுதியிருக்கும் ஒரு ஜி லைன் (எல்லைக் கற்களுக்கு இடையே அளந்த கோடு) அளவை ஆதாரமாக வைத்து ‘ஸ்கேல்’ கட்டளையால் உண்மை அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டு எல்லைக் கற்களைப் பிடித்து ‘அலைன்’ செய்து இடத்தில் பொருத்தினேன். அதுவரை சிக்கல் இல்லை. ஆனால் புலப்படத்தில் எல்லைக்கு வெளியே பக்கத்துச் சர்வே எண்களை எழுதியிருப்பார்கள். அவை அடுத்த படத்தின் உட்பிரிவுக் கோடுகள் மேல் போய் விழுந்தன. ஸ்கேன் செய்த தாள்களின் வெள்ளைப் பின்னணியோ பக்கத்துப் படத்தையே மூடிவிட்டது.

கிளிப் இங்கேதான் கைகொடுத்தது. வேறு கோப்பிலிருந்து இணைக்கும் வெளி வரைபடத்துக்கு எக்ஸ்கிளிப், படத்துக்கு இமேஜ்கிளிப் என்று முன்பு தனித்தனிக் கட்டளைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2010 பதிப்பில் ‘கிளிப்’ என்ற ஒரே கட்டளைக்குள் எல்லாம் வந்துவிட்டன. பிடிஎப் ஆனாலும் ஸ்கேன் படம் ஆனாலும் அதே பழக்கம்தான். நாள் முழுக்க இதிலேயே உட்காருகிறவர்களுக்கு இந்த ஒருமை எவ்வளவு ஆறுதல் என்பது தெரியும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு என் யோசனை இது. கட்டளையைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு மூலையாகத் தொட்டு எல்லை போடாதீர்கள். முதலில் புலத்தின் எல்லையைச் சுற்றி மூடிய பாலிலைன் (ஒரே தொடராக இணைந்த கோடு) வரையுங்கள். பிறகு கிளிப் கொடுத்து, அந்தப் பாலிலைனைத் தேர்ந்தெடுங்கள். மூலைகளை நிதானமாகச் சரிபார்க்கலாம் என்பது ஒரு லாபம். இன்னொரு லாபம் பெரியது: பாலிலைன் கையில் இருப்பதால் பரப்பளவைப் பட்டாவோடு ஒப்பிட முடியும். இந்த வேலையில் ஒரு பட்டாவில் 0.84.50 ஹெக்டேர், அதாவது 8,450 சதுர மீட்டர். என் பாலிலைன் 8,438 காட்டியது. அந்தப் புலம் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நிம்மதியாக அடுத்ததற்குப் போனேன். வேறொன்றில் 300 சதுர மீட்டர் குறைந்தது. தேடிப் பார்த்ததில் 1:2000 தாளில் ஜி லைன் அளவை நான் தவறாகப் படித்திருந்தேன். கிளிப் செய்து ஓரத்தை மறைத்த பிறகாக இருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

எல்லை போட்ட பிறகு அதன் மூலைகளை இழுத்து மாற்றலாம். ஒரு பக்கத்தின் நடுவில் சிறிய அம்பு தெரியும். அதைத் தொட்டால் வெளிப்பகுதி தெரிந்து உட்பகுதி மறையும். பழைய வரைபடத்தில் ஒரு மூலை மட்டும் திருத்தப்பட்டு வரும்போது, பழையதில் அந்த மூலையை மறைத்து, புதியதை அந்த இடத்தில் வைத்துவிடுவேன். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரே வரைபடத்தை இரண்டு முறை இணைத்து, இரண்டுக்கும் வெவ்வேறு எல்லை கொடுக்கவும் முடியும்.

கிளிப் எல்லையைச் சுற்றித் தெரியும் சட்டக்கோடு விஷயத்தில்தான் எனக்கு மனக்குறை. வெளி வரைபடத்தின் கிளிப் சட்டம் இயல்பாகவே திரையில் மட்டும் தெரியும், அச்சில் வராது. படத்தின் சட்டமோ இயல்பாகவே அச்சிலும் வருகிறது. ஒரே வேலைக்கு ஏன் இரண்டு வழக்கம்? எல்லைக்கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி இன்னொரு கோடு விழுந்தால், நில வரைபடத்தில் அது வெறும் அழகுக்குறை இல்லை. எது எல்லை என்ற சண்டைக்கே அது வித்தாகும். அதனால் புதுக் கோப்பு திறந்ததும் ‘ஃபிரேம்’ மாறியை (மென்பொருளின் அமைப்புகளில் ஒன்று) 2 என்று வைத்துவிடுகிறேன். எல்லாச் சட்டங்களும் திரையில் தெரியும், பிடித்து இழுக்கவும் முடியும், தாளில் வராது. பூஜ்யம் வைத்தால் எங்கே எந்தக் கிளிப் இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது; பிறர் கைக்குப் போகும் கோப்பில் அது நியாயமில்லை.

பெரிய கோப்பு இணைப்பவர்களுக்கு ஒரு சொல். கிளிப் செய்தால் மட்டும் கோப்பு வேகமாகிவிடாது. இணைக்கப்படும் வரைபடத்தில் ‘இண்டெக்ஸ்கண்ட்ரோல்’ மாறியை 3 ஆக்கிச் சேமித்திருந்தால், தேவைப்படும் பகுதியை மட்டும் மென்பொருள் ஏற்றிக்கொள்ளும். அது இயல்பில் பூஜ்யமாக இருக்கிறது, பலர் தொடுவதே இல்லை. கட்டளை வரியில் ஆங்கிலச் சுருக்கமாக ‘ஐ-என்-டி-இ-எக்ஸ்-சி-டி-எல்’ என்று அடிக்க வேண்டும்.

இனி நான் பட்ட சங்கடம். சில வருடங்களுக்கு முன் ஒரு பாகப்பிரிவினைக்காக, பெரிய குடும்ப நிலத்தின் வரைபடத்தை இணைத்து, ஒரு சகோதரரின் பங்கை மட்டும் கிளிப் செய்து, கோப்பாகவே அனுப்பிவிட்டேன். அங்கே யாரோ கிளிப்பை நீக்கினார்கள். மற்ற மூவரின் பங்குகளும், நான் குறிப்புக்காக எழுதியிருந்த உத்தேச விலைகளும் அப்படியே தெரிந்தன. தவறு முழுக்க என்னுடையது. மறைத்த பகுதி கோப்பிலேயே இருக்கும். இணைத்த வரைபடத்தை ‘பைண்ட்’ செய்து நம் கோப்புக்குள்ளேயே சேர்த்தாலும் கூடவே வரும். அதன் பிறகு, வெளியே போகும் எதிலும் தேவையில்லாத கோடுகளை உண்மையிலேயே அழித்த தனிப் பிரதியைத்தான் அனுப்புகிறேன். ஸ்கேன் படமென்றால் படம் திருத்தும் மென்பொருளில் வெட்டிவிட்டுத்தான் இணைக்கிறேன்.

வளைவுகளுக்கு இந்தக் கட்டளை இன்னும் ஒத்துழைக்கவில்லை. எல்லை நேர்கோடுகளால் ஆனதாக இருக்க வேண்டும், வட்டத்தை ஏற்காது. பெரிதாக்கிக் காட்டும் பகுதி வட்டமாக வேண்டுமென்றால், கிளிப்பை விட்டுவிட்டு லேஅவுட் தாளில் (அச்சுக்கான பக்கம்) வியூபோர்ட்டையே (வரைபடத்தைக் காட்டும் சன்னல்) வட்டமாக வெட்டுங்கள், அது ஒழுங்காக நடக்கிறது. நத்தம் சாலை வேலையில் மேல்நிலைத் தொட்டியின் வரைபடத்தை மாடல் பகுதியிலேயே (உண்மை அளவில் வரையும் இடம்) வைக்க வேண்டியிருந்ததால் அந்த வழி உதவவில்லை. 48 பக்கம் கொண்ட பலகோணம் வரைந்து அதையே எல்லையாகக் கொடுத்தேன். ஏ1 தாளில் அது வட்டமாகத்தான் தெரிகிறது.