காரைக்குடி பலகாரக் கடை: தேன்குழலை நம்பி வாங்கலாம், 'சீனி இல்லாத' அலமாரியை நம்ப முடியாது

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாகப் பலகாரம் வாங்கும் கடையைப் பற்றித்தான் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எண்ணெய் விஷயத்தில் நான் பார்த்த கடைகளில் இதுதான் சுத்தம். ஆனால் இனிப்பு விஷயத்தில், அதுவும் 'சுகர் உள்ளவர்களுக்கு' என்று போர்டு மாட்டி வைத்திருக்கும் அந்தத் தனி அலமாரி விஷயத்தில், எனக்குப் பெரிய மனக்குறை இருக்கிறது. கடைப் பெயரைப் போடவில்லை. அதே போர்டை தேவகோட்டையிலும் பார்த்தேன், கானாடுகாத்தான் பக்கமும் பார்த்தேன், அப்படியிருக்க ஒருத்தரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு எல்லாம் கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில்தான் போடுகிறார்கள். கேட்டால் உள்ளே விடுகிறார்கள், அதுவே பெரிய விஷயம். அச்சை எண்ணெய்க்கு மேலே பிடித்து ஓர் அக்கா ஒரே சுற்றாகப் பிழிந்துவிடுகிறார், மாவு விழுந்ததும் வெள்ளை நுரை குபுகுபுவென்று ஏறுகிறது, மாவில் உள்ள ஈரம் வற்ற வற்ற நுரை அடங்கி, சத்தமும் அடங்கியதும் அரித்து எடுத்துப் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டுகிறார். நான் பார்த்தது எண்ணெயைத்தான். ஒரு ஈடு எடுத்து முடித்த பிறகும் சட்டியின் அடி தெரிந்தது. அடுத்தடுத்த நாள் சுட்ட எண்ணெய் அப்படி இருக்காது, கறுத்துப்போய், கொழகொழவென்று, மாவு போடாமலே ஓரத்தில் நுரை நின்றுகொண்டிருக்கும்.

இது வெறும் ருசி விஷயமில்லை. எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடேற்றினால் அது சிதைந்து வேறு பொருட்களாக மாறுகிறது, அந்தச் சிதைவின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்தே விதி வைத்திருக்கிறது. அப்படி ஒதுக்கும் எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டமும் அதே வருஷம் வந்தது. கடை ஆச்சியிடம் "மிஞ்சின எண்ணெயை என்ன பண்ணுவீங்க ஆச்சி?" என்று கேட்டேன். "அதுல மறுபடி பலகாரம் போட மாட்டோம் தம்பி, எண்ணெய் எடுக்கிற ஆளு வருவாங்க, அளந்து குடுத்துருவோம்" என்றார். அளந்து ஊற்றி வைத்த டின்களையும் காட்டினார். இதற்காகவே கிலோவுக்குக் கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் அங்கேயும் ஒரு போர்டு. 'மரச்செக்குக் கடலை எண்ணெய், கொலஸ்ட்ரால் இல்லாதது.' கொலஸ்ட்ரால் பிராணிகளிடமிருந்து வரும் பொருளில் இருப்பது, நெய்யில் உண்டு, வெண்ணெயில் உண்டு, முட்டையில் உண்டு. செடியிலிருந்து எடுக்கும் எந்த எண்ணெயிலும் அது இருக்காது, பாமாயிலில்கூட இருக்காது. ஆகவே அந்த வரியில் பொய் இல்லை, பயனும் இல்லை. பார்க்க வேண்டியது அந்த எண்ணெயில் எந்த வகைக் கொழுப்பு இருக்கிறது என்பதை. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது. கடலை எண்ணெயில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான், பாமாயிலில் பாதி, நெய்யில் பாதிக்கு மேல், தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கும் மேல். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு, அதனால் பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் என்பது உண்மையிலேயே நல்ல மாற்றம். ஆனால் செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரிதான். செக்கு எண்ணெய் என்பதற்காக இரண்டு முறுக்கு கூடுதலாகச் சாப்பிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சீடை கரகரவென்று இருக்க வனஸ்பதி சேர்ப்பீர்களா என்றும் கேட்டேன், இல்லை, வெண்ணெய்தான் என்றார்கள். வாயில் போட்டால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டவில்லை, அதனால் நம்புகிறேன். வனஸ்பதியில் வரும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதையும் இறக்கிவிடும், எண்ணெய் வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. கடைக்காரர்களிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது அந்த அலமாரிக்கு வருகிறேன்.

'சீனி இல்லை! கருப்பட்டி, வெல்லம் மட்டுமே! சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்!' என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே கருப்பட்டி அதிரசம், வெல்லம் போட்ட மாவுருண்டை, டப்பாவில் கறுப்புக் கவுனி அரிசி இனிப்பு, உளுந்து மாவில் கிளறும் கும்மாயம். போன தடவை நான் நின்றுகொண்டிருக்கும்போது கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர், சென்னையிலிருந்து வந்தவர் போல, கையில் மாத்திரை டப்பா வைத்த பையோடு நின்று, "இது சுகருக்கு ஒத்துக்கும்ல?" என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பையன், "தாராளமா சாப்பிடலாம் ஐயா, சீனியே போடலை" என்று அரைக்கிலோ அதிரசம் நிறுத்துக் கொடுத்தான். பையனைக் குறை சொல்ல மாட்டேன், போர்டில் இருப்பதைத்தான் சொன்னான். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் அந்த ஐயாவிடம் மெதுவாகச் சொன்னேன், அவர் "கருப்பட்டி நல்லதுன்னுதானே சொல்றாங்க" என்றார்.

நல்லதுதான், சீனிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாசமும் ருசியும் எவ்வளவோ உசத்தி, கொஞ்சம் இரும்புச்சத்து, கொஞ்சம் தாது உப்பு இருக்கிறது. ஆனால் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே பொருள். கரும்பிலிருந்து வந்தாலும் பனையிலிருந்து வந்தாலும் குடலில் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்து ரத்தத்தில் சேரும். அந்த இரும்புச்சத்து உடம்புக்குப் போதுமான அளவில் கிடைக்க வேண்டுமென்றால் சாப்பிட வேண்டிய வெல்லத்தின் அளவை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அதிரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பொதுவான பக்குவம், பாகு பிடித்து, மாவை நாளாகப் புளிக்கவிட்டு, எண்ணெயில் போட்டு அமுக்கி எடுப்பது. ஒரு நடுத்தர அதிரசத்தில் குத்துமதிப்பாக இரண்டு மூன்று டீஸ்பூன் சீனிக்குச் சமமான இனிப்பு வந்துவிடும். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் ஐந்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அந்தக் கணக்கில் வெல்லமும் தேனும் அடக்கம். இரண்டு அதிரசத்தில் ஐந்து சதவீதக் கோட்டைத் தொட்டுவிடுகிறோம், காலையில் குடித்த காபியை இன்னும் சேர்க்கவேயில்லை. போதாததற்கு அதிரசத்தின் மிச்சப் பாதி அரிசி மாவு, அதுவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும்.

கவுனி அரிசியைப் பார்த்துத்தான் எனக்கு ரொம்ப வருத்தம், ஏனென்றால் அது நிஜமாகவே நல்ல அரிசி. அந்தக் கறுப்பு நிறம் நாவல்பழத்தில் இருக்கிற ஆந்தோசயனின் என்கிற நிறமிதான், தவிடு போகாததால் நார்ச்சத்தும் இருக்கிறது, மென்று சாப்பிட நேரமாகும். இந்த ஊர்க்காரர்கள் பர்மாவுக்கு வணிகத்துக்குப் போன காலத்தில் அங்கிருந்து வந்த அரிசி என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அதை உப்புப் போட்டுப் பொங்கி, வெஞ்சனத்தோடு சாப்பிட்டால் வெள்ளை அரிசியைவிட மேல். ஆனால் டப்பாவில் விற்பது அதில் வெல்லமும் நெய்யும் தேங்காயும் கொட்டிக் கிளறியது. அரிசியின் பெயரைச் சொல்லி வெல்லத்தை விற்கிறார்கள். விசேஷ நாளில் ரெண்டு கரண்டி சாப்பிடுங்கள், அருமையாக இருக்கும், இந்தக் கடையில் தேங்காய்ப்பூ புதிதாகத் துருவியது, நெய் வாசம் தூக்குகிறது. மருந்து மாதிரி நினைத்துக்கொண்டு தினமும் சாப்பிட வேண்டாம், அவ்வளவுதான்.

அலமாரியின் கீழ்த்தட்டில் 'சுகர் ஃப்ரீ லட்டு' பாக்கெட் இருக்கிறது, அது இவர்கள் செய்தது இல்லை, வெளியிலிருந்து வாங்கி வைத்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மால்டிடால், பாமாயில், மால்டோடெக்ஸ்ட்ரின், சுக்ரலோஸ். மால்டிடால் என்பது சீனியைவிடக் கொஞ்சம் இனிப்புக் குறைந்த பொருள், கலோரி சீனியில் பாதியளவு, ரத்தச் சர்க்கரையைச் சீனி அளவுக்கு ஏற்றாது ஆனால் ஏற்றவே ஏற்றாது என்று இல்லை, நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பி பேதியாகும். சுக்ரலோஸ் சீனியைப்போல் 600 மடங்கு இனிப்பு, அதனால் துளியளவுதான் போடுவார்கள், கலோரி கணக்கில் வராது. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடிதான் மோசம், அவ்வளவாக இனிக்காது, ஆகவே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் ரத்தச் சர்க்கரையை அது சீனியைவிட வேகமாக ஏற்றக்கூடியது. சர்க்கரை 100 கிராமில் அரை கிராமுக்குள் இருந்தால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் விதி, மாவும் கொழுப்பும் அந்த வார்த்தைக்குள் வராது. உடல் எடை குறைக்க இந்த மாதிரி செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னது, ஆகவே சுகர் உள்ளவர்கள் காபியில் ஒரு செயற்கை இனிப்பு வில்லை போடுவதை நான் தப்பென்று சொல்லவில்லை. அந்த லட்டை இனிப்புக்குப் பதிலாக நினைத்து நாலைந்து தின்பதைத்தான் சொல்கிறேன்.

ஆச்சியிடம் அந்தப் போர்டைப் பற்றிப் பேசினேன். "சீனி போடலை, அதைத்தானே தம்பி எழுதியிருக்கு" என்றார். நான், "சுகர் உள்ளவங்க சாப்பிடலாம்ங்கிற வரியை மட்டும் எடுத்துருங்க ஆச்சி, கருப்பட்டி அதிரசம்னு போட்டாலே ஜனம் வாங்கும்" என்றேன். யோசிக்கிறேன் என்றார். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது, இந்தக் கடை வாசலில் ஒரு முகூர்த்த நாளில் நிற்கிற கூட்டத்தில் எத்தனை பேர் அப்படி இருப்பார்கள் என்று யோசித்தாலே அந்த வரி எவ்வளவு ஆபத்து என்று தெரியும். அவர் நல்ல மனுஷி, எண்ணெயை அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் இதையும் மாற்றுவார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, போகிறவர்களுக்கு. தேன்குழலும் சீப்புச் சீடையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மணகோலம் சில நாள் கொஞ்சம் தடிமனாகிவிடுகிறது, கையில் உடைத்துப் பார்த்து வாங்குங்கள். அதிரசம் வேண்டுமென்றால் சாதாரணத் தட்டிலேயே எடுங்கள், அலமாரியில் இருப்பதும் அதே மாவுதான், விலை மட்டும் கூட. உதிரி இனிப்புத் தட்டுகளில் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும், 2020 அக்டோபரிலிருந்து அது கட்டாயம், இந்தக் கடையில் எழுதியிருக்கிறார்கள், மாவுருண்டைத் தட்டில் மட்டும் காணவில்லை, கேட்டு வாங்குங்கள். சுகர் உள்ளவர்கள் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் மாவுருண்டையை இனிப்புக் குறைத்து, பாசிப்பருப்பு கூடுதலாகப் போட்டு, சின்ன உருண்டையாகப் பிடித்துத் தரச் சொல்லி முதல் நாளே ஆர்டர் கொடுத்தால் செய்து தருகிறார்கள். சீர்ப் பலகாரத்துக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள், தீபாவளி நெருக்கத்தில் அதுவும் போதாது. காலையில் பதினொரு மணி வாக்கில் போனால் முதல் ஈடு தாம்பாளத்தில் இருக்கும்.