மைக்கைத் தொட்டால் பாட்டு காலி: லினக்ஸில் ப்ளூடூத் ஹெட்செட்

லினக்ஸ் லேப்டாப்புக்கு ப்ளூடூத் ஹெட்செட் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அதோடுதான் குடித்தனம் நடத்துகிறேன் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் சத்தத்தைக் கையாளும் பழைய மென்பொருளான பல்ஸ்ஆடியோ காலத்துக்கு இப்போது எவ்வளவோ தேவலை. 2021இல் ஃபெடோரா 34, அடுத்த வருடம் உபுண்டு 22.10 என்று லினக்ஸ் வகைகள் வரிசையாக அதன் இடத்துக்கு வந்த பைப்வயருக்கு மாறின. அதற்கப்புறம் கரகரப்பு, பாதியில் சத்தம் நின்றுபோவது, டெர்மினலைத் திறந்து பல்ஸ்ஆடியோவைக் கொன்று திரும்ப எழுப்புவது எல்லாம் எனக்கு அநேகமாக மறந்தே போச்சு.

ஆனால் அந்த மைக்! பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பிரவுசரில் ஏதோ ஒரு மீட்டிங் பக்கம் மைக்கைத் தொட்டால் போதும், அந்த நொடியே பாட்டு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஆகிவிடும். ஸ்டீரியோ போய் மோனோ, அதுவும் லேண்ட்லைன் தரம். காரணம் தெரியாமல் திட்டவில்லை. ப்ளூடூத்தில் நல்ல ஸ்டீரியோ தருகிற ஏ2டிபி என்கிற ப்ரொஃபைல் (இணைப்பு முறை) ஒருவழிப் பாதை, மைக் வேண்டுமென்றால் போன் பேச்சுக்கான எச்எஃப்பி ப்ரொஃபைலுக்கு இறங்கியாக வேண்டும், அங்கே ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக்காக பழைய சிவிஎஸ்டி கிடைத்தால் ஒலியின் மாதிரி வீதம் 8 கிலோஹெர்ட்ஸ், அதிர்ஷ்டம் இருந்து எம்எஸ்பிசி கிடைத்தால் 16. பழைய ப்ளூடூத்தின் கோளாறு இது, லினக்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. எல்சி3 கோடெக்கோடு வரும் எல்இ ஆடியோ என்கிற புதிய ப்ளூடூத் ஒலி முறை இதைச் சரிசெய்யும்தான், ஆனால் லேப்டாப், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும். என்னிடம் இரண்டிலும் இல்லை.

எனக்குக் கடுப்பேறுவது வேறு இடத்தில். லேப்டாப்பிலேயே உருப்படியான மைக் ஒன்று சும்மா கிடக்கும்போது, ஹெட்செட்டை இணைத்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதன் மைக்கை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? இப்படித் தானாக மாறுவதை நிறுத்த, பைப்வயரின் இணைப்புகளை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பரில் வழி இருக்கிறது, நிறுத்தியும் வைத்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஆவணங்களைத் தோண்ட வேண்டியிருந்தது, என் செட்டிங்ஸ் பக்கத்தில் அதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை. நிறுத்தியதற்குத் தண்டனை மாதிரி, நிஜமாகவே ஹெட்செட் மைக் வேண்டும் என்கிற நாளில் ப்ரொஃபைலை நானே கையால் மாற்ற வேண்டும், எதிர்முனையில் ஆறு பேர் "கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருக்கும்போது.

மதிப்பெண்ணா? போன வாரம் கேட்டிருந்தால் ஐந்துக்கு நான்கு. இன்று காலை மீட்டிங்குக்கு அப்புறம் இரண்டுதான். நண்பரே, உங்கள் லேப்டாப்பில் 3.5 மிமீ ஓட்டை இன்னும் இருந்தால், பேசாமல் வயர் வைத்ததையே வாங்குங்கள்.