ஏட்டில் உள்ள டாலரும் எடுக்கக்கூடிய டாலரும்: இலங்கை, நேபாளம் ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அணை நிரம்பியது என்ற செய்தி வந்தால், அந்த 52 அடிக்குள் வண்டல் எவ்வளவு, பாசனத்துக்குத் திறக்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு என்றுதான் ஆயக்கட்டு விவசாயி கணக்குப் பார்ப்பார். ஒரு நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பையும் (மத்திய வங்கி வைத்திருக்கும் டாலர் போன்ற வெளிநாட்டுப் பணமும் தங்கமும்) அவ்வாறே படிக்க வேண்டும் என்பதற்கு இலங்கையும் நேபாளமும் நல்ல சான்றுகள். இரண்டுமே நமக்குத் தொலைவான நாடுகள் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மறுவாழ்வு முகாம்களில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓசூரில் காவல் பணியிலும் உணவகங்களிலும் இருக்கும் நேபாள இளைஞர்கள் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

2.2 கோடி மக்கள் உள்ள இலங்கை, 3 கோடியை நெருங்கும் நேபாளம் ஆகிய இரண்டுமே வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்தையும் சுற்றுலாவையும் பெரிதும் நம்பியவை. கொரோனா இரண்டையும் அடித்தது. ஆனால் இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்தது. நேபாளம் அந்த நிலைக்குப் போகவில்லை.

இலங்கையின் கையிருப்பு 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலர். 2022 மார்ச் இறுதியில் அது 190 கோடி டாலர் அளவுக்குக் குறைந்தது. அந்தத் தொகையிலும் ஏறத்தாழ 150 கோடி டாலர் சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட நாணயமாற்று ஏற்பாட்டால், அதாவது இரு நாட்டுப் பணத்தையும் குறிப்பிட்ட காலத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளும் உடன்பாட்டால், வந்தது. நிபந்தனைகளுக்கு உட்பட்ட அந்தப் பணத்தை நினைத்தபோது எடுத்துச் செலவிட முடியாது. எடுத்துப் பயன்படுத்தத்தக்க கையிருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவு என்று அந்நாட்டு நிதியமைச்சரே 2022 மே மாதம் நாடாளுமன்றத்தில் கூறினார். வண்டலைக் கழித்துவிட்டால் அணையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

தங்கத்தின் கதை இன்னும் வேதனையானது. 2021 நவம்பரில் 38.2 கோடி டாலர் மதிப்பில் இருந்த தங்க இருப்பு டிசம்பர் இறுதியில் 17.5 கோடியானது, அதாவது ஒரே மாதத்தில் ஏறக்குறைய மூன்றரை டன் குறைந்தது. அடுத்த ஜனவரியில் 50 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குப் பணம் கட்டப்பட்டது. மாந்தோப்புக்காரர் வீட்டு நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தால் அறுவடைக்குப் பின் மீட்கலாம். விற்றுவிட்டால் அன்றைய விலையோடு முடிந்தது. அப்போது அவுன்ஸ் சுமார் 1,800 டாலராக இருந்த தங்கம் 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. கடன் தவணையைக் கட்டத் தங்கத்தை விற்றுவிட்டு, மூன்று மாதத்தில் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்த நேர்ந்தது என்பதால், அந்த விற்பனையைப் பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

நேபாளத்தின் கையிருப்பும் 2021 ஜூலை நடுவில் இருந்த 1,175 கோடி டாலரிலிருந்து ஏழே மாதத்தில் 975 கோடியாகச் சரிந்தது. ஆனால் நேபாளம் உலகச் சந்தையில் டாலர் கடன்பத்திரம் வெளியிட்டிருக்கவில்லை. அதன் வெளிக்கடனில் பெரும்பகுதி உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கொடுத்தது. இலங்கையோ 2007 முதல் அத்தகைய பத்திரங்களை வெளியிட்டு வந்திருந்தது. 2022 ஜூலையில் மட்டும் 100 கோடி டாலர் முதிர்வு காத்திருந்தது. எதிரே நிற்கும் கடனைப் பார்க்காமல் கையிருப்பை மட்டும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெரியாது. மேலும், நேபாளம் 2022 ஏப்ரலில் கார், மது, விலையுயர்ந்த கைப்பேசி போன்றவற்றின் இறக்குமதியைத் தடைசெய்து, டிசம்பரில் அத்தடையை விலக்கியது.

நாணய மதிப்பை நிலைநிறுத்த இரு நாடுகளுமே முயன்றன. இலங்கை டாலரை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்தபோது, வெளியே கூடுதல் விலை கிடைத்ததால் வெளிநாட்டில் இருப்போர் உண்டியல் (வங்கியைத் தவிர்த்துத் தரகர்கள் மூலம் பணம் அனுப்பும் முறை) வழியே பணம் அனுப்பினர். வங்கிகள் மூலம் வந்த தொகை 2020இல் இருந்த 710 கோடி டாலரிலிருந்து மறு ஆண்டு 550 கோடியாக இறங்கியது. நேபாள நாணயம் 1993 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 என்ற விகிதத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால், டாலருக்கு எதிராக அது நம் ரூபாயோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. அதற்கு ஈடாக, டாலரை விற்று இந்திய ரூபாய் வாங்கி வைக்கும் வேலையை அந்நாட்டு மத்திய வங்கி தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

2024ஆம் ஆண்டில் நேபாளத்தின் கையிருப்பு 1,500 கோடி டாலரைத் தாண்டியது; இலங்கையினுடையது ஆண்டிறுதியில் சுமார் 610 கோடிக்கு மீண்டது, அதிலும் சீனப் பணம் சேர்ந்தே இருந்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் நேபாளத்தையே தேர்வேன். எனினும் அதன் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் கால்பங்கு அளவுக்கு வெளியிலிருந்து வரும் பணமே இருக்கிறது. ஓசூரில் இரவெல்லாம் விழித்திருக்கும் அந்த இளைஞர் தம் ஊரிலேயே பிழைக்க வழி உண்டானால், இந்தக் கையிருப்பை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி காத்மாண்டுவுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.