‘முற்றிலும் கிருமியற்ற’ தொட்டி மண்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தொட்டிச் செடிகளுக்காக வாங்கிய, நீராவியில் பதப்படுத்தப்பட்ட இந்தப் பைமண்ணை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மண்ணாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஏதுமில்லை. நீர் தேங்குவதில்லை, களை முளைக்கவில்லை, நாற்றழுகலும் குறைந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது பையின் முகப்பில் கொட்டை எழுத்தில் உள்ள ‘முற்றிலும் கிருமியற்றது’ என்ற வாசகம்தான்.

பின்பக்கத்தில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், 70 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடேற்றியதாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஈரமண் முழுவதும் அந்த வெப்பத்தை எட்டியிருந்தால், எருவின் வழியே மண்ணுக்கு வரும் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற வயிற்றுநோய் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். இது சிறிய நன்மையன்று. பச்சை எரு இட்ட மண்ணில் இவை மாதக்கணக்கில்கூட உயிரோடிருக்கக்கூடும் என்பதால்தான், மண்ணைத் தொட்டு விளையும் உணவுப் பயிர்களுக்கு, எரு இட்ட நாளிலிருந்து அறுவடை வரை 120 நாள் இடைவெளி வேண்டும் என்கின்றன அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகள்.

ஆனால் டெட்டனஸ், ஆந்த்ராக்ஸ் நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மண்ணில் தடித்த உறை கொண்ட வித்துகளாக உறங்குபவை; 70 டிகிரி வெப்பம் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆய்வகங்களில் அழுத்தக் கலனில் 121 டிகிரி நீராவியைச் செலுத்தியே அவற்றை அழிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் 1942இல் குண்டு வெடித்துப் பரப்பிச் சோதித்த ஆந்த்ராக்ஸ் வித்துகள் பல்லாண்டுகள் மண்ணிலேயே கிடந்தன. 1986இல் ஃபார்மால்டிஹைடு கலந்த கடல்நீரைப் பாய்ச்சிய பிறகு, 1990இல்தான் தீவு பாதுகாப்பானது என அறிவிக்கப்பட்டது. என் பைக்குள் ஆந்த்ராக்ஸ் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ‘முற்றிலும்’ என்ற சொல்லைத்தான் சந்தேகிக்கிறேன்.

இன்னொன்றையும் தயாரிப்பாளர் சொல்லாமல் விட்டிருக்கிறார். சூடேற்றும்போது நோய்க்கிருமிகளோடு, அவற்றோடு உணவுக்குப் போட்டியிடும் நுண்ணுயிர்களும், அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிரிகளும் பெருமளவு அழிகின்றன. இப்படி வெறுமையான மண்ணில் பிறகு ஈ.கோலை வந்து சேர்ந்தால், இயல்பான மண்ணில் இருப்பதைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே திறந்த பையைக் கட்டாமல் வைப்பதும், மக்காத எருவை அதில் கலப்பதும் பதப்படுத்தியதையே வீணாக்கும். உறையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எச்சரிக்கைக் குறிப்பே இல்லாததுதான் பெருங்குறை. தொட்டி மண்ணின் தூசியோடு மூச்சில் புகும் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா நிமோனியாவை உண்டாக்கக்கூடியது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விற்கும் பைகளில், காற்றோட்டமான இடத்தில் மெதுவாகத் திறக்கவும், மண்ணை நனைத்துக்கொள்ளவும், முகக்கவசம் அணியவும் அறிவுறுத்துகிறார்கள். நான் இதை அறியாமல் முதல் பையை மூடிய அறையில் கிழித்து, எழுந்த புழுதியை நன்றாகவே சுவாசித்தேன். நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை. உடன் வந்த இலவசக் கையுறையோ இரண்டாம் நாளே விரலிடுக்கில் கிழிந்தது.

மண்ணுக்கு ஐந்தில் நான்கு, உறைக்கு ஒன்று. அடுத்த பையையும் வாங்குவேன். வெளியில் வைத்துத் திறந்து, நீர் தெளித்த பிறகே அள்ளுவேன், அதுவும் வேறு கையுறையோடு.